கொம்புக்குத் தண்ணீர் ஆகாது

மச்சான்,

இன்று காலை தலை வாரலாம் என்று சீப்பை எடுத்தால், அது வளைந்து கிடக்கிறது. நேற்றுக் குளித்துவிட்டு ஈரத் தலையை வாரி, அப்படியே அடுப்படி ஜன்னலில் வைத்துவிட்டேன் போலிருக்கிறது. அக்கினி வெயில் முடிந்துவிட்டது என்கிறார்கள். திருச்சிக்கு அதை யார் போய்ச் சொல்வது? கல்யாணமான புதிதில் நீங்கள் எனக்கென்று அறுத்துக் கொடுத்த எருமைக் கொம்புச் சீப்பு. இத்தனை வருஷம் பலகைபோல நேராக இருந்துவிட்டு, ஒரு நாள் வெயிலில் எருமைத் தலையில் இருந்தபோதிருந்த வளைவுக்கே திரும்பிவிட்டது.

"கொம்புக்கு ஞாபகம் ஜாஸ்தி, புள்ள" என்பீர்கள். சூடு காட்டி, இடுக்கியில் அழுத்தி, என்னதான் நேராக்கினாலும் மறுபடி சூடு பட்டால் பழைய வளைவைத் தேடிப் போய்விடும். வெயிலில் வைக்காதே, தண்ணீரில் போடாதே என்று என்னை எத்தனை தடவை திட்டியிருப்பீர்கள்! அதுவும் கழுவித் தொலைக்கிறேன் என்று ஒருமுறை சீப்பை வாளியில் போட்டதற்கு, சாப்பிட உட்கார்ந்தவர் எழுந்தே போய்விட்டீர்கள்.

சீப்பைப் பார்த்ததும் அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. டீ போட்டுக் குடித்தேன்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஸ்ரீரங்கத்துச் சிமிழ் விஷயம்.

நம் பட்டறைக்குத் தந்தம் வருவதே அபூர்வம். வாங்கவோ விற்கவோ சட்டம் விடாது. விட்டாலும் புதுத் தந்தத்தை நீங்கள் தொட மாட்டீர்கள். பரம்பரையாக வைத்திருப்பவர்கள், காகிதமெல்லாம் சரியாக இருந்தால், உடைந்ததைச் சரிசெய்யக் கொண்டு வருவார்கள். அப்படித்தான் ஸ்ரீரங்கத்து டீச்சரம்மா அந்தக் குங்குமச் சிமிழைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். மூடியின் குமிழ் ஒடிந்து, அதன் அடிக்கட்டை மட்டும் துளைக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

"எலும்புல குமிழ் செஞ்சா நிறம் ஒத்துப் போகும்மா" என்று நீங்கள் சொன்னதுதான் தாமதம், அவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"ஐயையோ, பெருமாள் கிட்ட வெக்கறதாக்கும்! எலும்பெல்லாம் வேண்டவே வேண்டாம்."

"அப்ப வெள்ளைக் கொம்புல செய்யட்டுங்களா?"

கொஞ்சம் யோசித்தார்கள். "கொம்புன்னா தோஷமில்லை. பண்ணிடுங்கோ."

அவர்கள் போனதும், "யானைப் பல்லு ஆகும், எலும்பு ஆகாதாமா?" என்று நான் சிரிக்க, "சும்மா இரு புள்ள, தெருமுனைகூடத் தாண்டியிருக்க மாட்டாங்க" என்று அடக்கிவிட்டு நீங்களும் சிரித்தீர்கள்.

அப்புறம் உங்களுக்கு ஒரே ஆச்சரியம். சிமிழை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். இவ்வளவு பழைய தந்தம் நம் ஊர் வெயிலில் காய்ந்து கீறல் விட்டிருக்க வேண்டும். இதில் மயிரிழை வெடிப்புகூட இல்லை. "எப்புடி புள்ள? இதை எப்புடி வெச்சிருந்தாங்க?" என்று சோறு சாப்பிடும்போதும் கேட்டீர்கள். எனக்கென்ன தெரியும்? அலமாரியில் சிமிழை வைத்து, பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தீர்கள். காற்று காய்ந்தால் தந்தம் வெடிக்கும், தினமும் தண்ணீர் மாற்று என்றீர்கள். வெள்ளைக் கொம்பில் குமிழைக் கடைந்து முடித்தீர்கள். துளைக்குள் மாட்டிய கட்டையைத் துறையூர் போய்வந்து எடுக்கலாம் என்றீர்கள். தந்தத்தில் என்னைக் கை வைக்கவே விட்டதில்லை. கொம்பு போனால் வேறு கொம்பு, தந்தம் விரிசல் விட்டால் அதற்கு மாற்று ஏது என்பீர்கள்.

பொங்கல் முடிந்த வாரம் அது. துறையூரில் கொம்பு வாங்கிக்கொண்டு வந்தவர், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்களாம். உங்களைக் கொண்டு வந்தார்கள். பின்னாலேயே ஒரு ஆட்டோவில் கொம்பு மூட்டையும் வந்தது. "இதை எங்கக்கா வைக்கிறது?" என்று ஆட்டோக்காரர் தயங்கி நின்றார். "பின்னாடி வைங்க, வெயில் படாம" என்றேன். நீங்கள் போனபிறகு நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

நாலு மாதம் பத்து நாள், வாசல் தாண்டாமல் இத்தாவில் உட்கார்ந்தேன். உங்கள் தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அழுதுடு மச்சி, அடக்கி வெக்காதே" என்றாள். அடக்கினால்தானே? உள்ளே ஒன்றும் இல்லை. உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாது பாருங்கள், எனக்கு முழுதும் அப்படி இருந்தது. ஆனால் காலையில் எழுந்ததும் கிண்ணத்துத் தண்ணீரை மட்டும் மாற்றினேன். அடுத்தவர் வீட்டுச் சிமிழ், நம்மை நம்பிக் கொடுத்தது. அது வெடித்துவிட்டால் உங்கள் பேர் என்ன ஆவது? அந்த ஒரு பயம் மட்டும் எனக்கு மரத்துப்போகவில்லை.

கத்தாரிலிருந்து உங்கள் மகன், "அம்மா, அதை அப்படியே திருப்பிக் குடுத்துடுங்க" என்றான். அப்பன் கடைந்த குமிழ் சும்மா கிடக்கிறது, எப்படிக் கொடுப்பது? ஒருநாள் சிமிழ் மூடியை எடுத்துக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்தேன்.

"இத்தாவுல இருந்துக்கிட்டு வேலையா மச்சி?" என்றாள் உங்கள் தங்கை.

"வீட்டுக்குள்ளதானே இருக்கேன். நீ போய் உலையைப் பாரு."

கைத்துளைப்பானை மெதுவாகச் சுழற்றி, ஒடிந்த கட்டையைப் பொடிப்பொடியாக எடுத்தேன். கொஞ்சம் அழுத்தினால் மூடி இரண்டாகிவிடும். என் கை நடுங்கவே இல்லை, மச்சான். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் நடுங்கியிருக்கும். நடுங்குவதற்கு என்னிடம் எதுவும் மிச்சமில்லை. குமிழ் துளைக்குள் போய் அமர்ந்தது.

இத்தா முடிந்து, நேற்று டீச்சரம்மா வந்தார்கள். மூடியைத் திறந்தார்கள், மூடினார்கள். கண் கலங்கியது. "போறதுக்கு முன்னாடியே முடிச்சு வெச்சுட்டாரா?"

"குமிழ் அவங்க செஞ்சதும்மா. பொருத்தினது நான்."

என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கிளம்பும்போது சொன்னேன், "கோடையில பக்கத்துல ஒரு கிண்ணம் தண்ணி வைங்கம்மா. இல்லாட்டி வெடிச்சிடும்."

"அதான் தினம் பெருமாளுக்குத் தீர்த்தம் வெக்கறேனே, சிமிழும் அங்கேதானே இருக்கு? எங்க மாமியார் காலத்துலேருந்தே அப்படித்தான். அது போறாதா?"

அவ்வளவுதான். நீங்கள் கேட்டுக் கேட்டுச் சலித்த கேள்விக்கு அதுதான் பதில். எத்தனை தலைமுறையாகவோ, வெடிப்பு என்ற நினைப்பே இல்லாமல், அந்த வீட்டில் சிமிழுக்குப் பக்கத்தில் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். "போதும்மா, நல்லாவே போதும்" என்று அவர்களை அனுப்பிவிட்டு, பின்கட்டுக்கு வேகமாக நடந்தேன். "மச்சான், இங்க கேளுங்க" என்று வாய்விட்டே கூப்பிட்டுவிட்டேன். பட்டறைக்குள் போன பிறகுதான் நின்றேன். யாரிடம் சொல்ல வந்தேன்?

அதனால்தான் இந்தக் கடிதம். பதில் தெரிந்துவிட்டது மச்சான், நீங்கள் இல்லை.

அலமாரி காலி. ஆனாலும் இன்று காலை கிண்ணத்தில் தண்ணீர் மாற்றினேன், கை பழகிவிட்டது. சீப்பை நேராக்கவும் எனக்குத் தெரியும், இடுக்கி பக்கத்திலேயே இருக்கிறது. செய்யவில்லை. வளைந்தபடியே அந்தக் கிண்ணத்துத் தண்ணீருக்குள் போட்டுவிட்டேன்.

கொம்புக்குத் தண்ணீர் ஆகாது. தெரிந்துதான் போட்டேன். வந்து திட்டுங்கள்.