முறுக்கில் விட்ட ஒற்றை இழை

பொன்மணி அப்பாவுக்கு,

நாகலாபுரத்துல அக்காவுக்குப் பிரசவ வலியாம். பிள்ளையைத் தூக்கிக்கிட்டு முதல் பஸ்ஸுக்குப் போறேன். சோறும் கருவாட்டுக் குழம்பும் மூடி வச்சிருக்கேன். சாவி பக்கத்து வீட்டு பேபி அக்காகிட்ட.

நான் வேண்டாம்னாலும் நீங்க கல்குவாரிக்கு மீன் பிடிக்கப் போகத்தான் போறீங்க. நேத்து சண்டை போட்டதுக்கு, "ஏட்டி, விரால் என்னையவா முழுங்கப் போவுது?"ன்னு சிரிச்சீங்க. போன வாரம் அது இழுத்த இழுப்புல பாறை சறுக்கி இடுப்பளவு தண்ணிக்குள்ள நின்னீங்களே, கரையில நின்ன எனக்கு இன்னும் நெஞ்சு அடங்கலை. நீச்சலும் தெரியாது. தூண்டில் நரம்பை மணிக்கட்டுல சுத்துறதையும் விடமாட்டீங்க.

நரம்பு நுனியில கட்டுற முறுக்கு நூலை நானே முறுக்கி ஆணியில மாட்டியிருக்கேன். தையல் நூல்தான். கைப்பக்கம் தடியா, பூச்சிப்பக்கம் மெலிசா, நீங்க முறுக்குற மாதிரியே. நீங்க தூண்டில் முள்ளுல கட்டுற கோழி இறகுப் பூச்சி தண்ணியில சத்தமில்லாம விழும்.

வள்ளிமயில்

ஊறுகாய் மேல்பலகையில இருக்கு.

சொல்லக் கூடாதுன்னுதான் நினைச்சேன். முறுக்குல ஒரு இடத்துல ஒத்தை இழைதான் விட்டு, மெழுகு தடவி மறைச்சிருக்கேன். பெருசா இழுத்தா அங்கன அறுந்துரும். தேடிப் பிடிச்சு முடிச்சுப் போட்டுராதீங்க. மீன் போனாப் போகட்டும்.