ஜெர்மன் பாட்டில் ஒரு மோனே

அண்ணி,

இன்று அந்த இசைத்தட்டை உறையிலிருந்து எடுத்ததும் சுக்கு வாசனை வந்தது. மட்டாஞ்சேரி ஜூ டவுனில் சுக்குக் கிடங்கை ஒட்டிய பழைய சாமான் கடையில் நீங்கள் அதை வாங்கி எத்தனையோ வருடங்களாகிவிட்டன. வாசனை போகவில்லை.

"முகம் நல்லா இருக்கு, குரலும் நல்லாத்தான் இருக்கும்" என்று உறையைப் பார்த்து வாங்கினீர்கள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்கு வந்த நான் அந்தத் தர்க்கத்தைக் கேலி செய்தேன். ஊசியை வைத்தபின் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஒரு பியானோ, ஒரு பெண்குரல், அவ்வளவுதான். எங்கும் குரலை உயர்த்திக் காட்டவில்லை. நீண்ட வரியின் முடிவில், இனி மூச்சு இருக்காது என்று நாம் நினைக்கும்போது, இன்னும் மெல்லியதாக ஒரு ஸ்வரத்தை வைத்துவிட்டுப் போனாள்.

"கமகமே இல்லை, எப்படிடீ இப்படி உருக்கறா?" என்றீர்கள். நான்காவது பாட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். "டீச்சரே, கேட்டியா? மோனேன்னு விளிக்கறா!"

"ஜெர்மன்காரி எதுக்கு அண்ணி மகனை மலையாளத்துல கூப்பிடறா?"

"மட்டாஞ்சேரிக்கு வந்தாச்சில்ல, படிச்சிருப்பா."

உங்கள் மகன் குவைத்துக்குப் போன புதிது அது. கடிதம் தாமதமான நாட்களில் அந்தப் பாட்டுதான் ஓடும், சாயா ஆறிப்போகும்.

எனக்குச் சந்தேகம் வந்தால் விடாது. உறையின் பின்னால் அச்சாகியிருந்த வரிகளை எழுதிக்கொண்டுபோய், நான் பாடம் நடத்தும் கல்லூரியின் நூலகத்தில் அகராதியைப் பார்த்தேன். நீங்கள் மோனே என்று கேட்டது 'மோண்டே'; அப்படியென்றால் நிலா. சொன்னால் பாட்டே உங்களுக்கு இல்லாமல் போய்விடுமோ என்று பயந்து, சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்தே பிடித்துவிட்டீர்கள்.

"என்னடீ முழுங்கறே? சொல்லு."

சொன்னேன். ஒரு கணம் சுழலும் தட்டையே பார்த்தீர்கள். பிறகு தோள் குலுங்கச் சிரித்தீர்கள்.

"நிலாவை யாருடீ சும்மா விளிப்பா? சோறூட்டத்தானே! அப்ப இடுப்புல மோன் இருப்பான். உன் அகராதியில அது இருக்காது."

இல்லைதான். அந்தப் பாட்டில் குழந்தை எதுவும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் மறுபடி ஊசியை வைத்தபோது, அந்தச் சொல்லுக்கு முன்னால் அவள் குரலைத் தாழ்த்துவது முதல்முறையாக என் காதில் விழுந்தது. அண்ணாந்து பாடுவதாக நான் நினைத்திருந்தவள், குனிந்து யாரிடமோ பேசுவதுபோல் இருந்தது.

இன்றும் அந்த இடம் வந்ததும் என் வாய் தானாகக் கொஞ்சம் திறந்துகொண்டது, குழந்தைக்கு ஊட்டுகிறவர்களுக்குத் திறக்குமே, அப்படி. நல்லவேளை, வீட்டில் யாரும் பார்க்கவில்லை.