ஓடை சர்வீஸும் ஒரு பிள்ளையார் சுழியும்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடை விடுதியிலேயே. துப்பட்டா நனைந்து அலுவலகம் வந்தேன். ஏன் நனைந்தாய் என்று கேட்க ஆளில்லை. தேனிக் கிளை என்றால் நான், ஒரு சர்வர், ஒரு யு.பி.எஸ். ஓடைகளில் தண்ணீர்மட்டக் கருவி மாட்டும் பாண்டி அண்ணன் எப்போதும் ஏதாவது ஒரு மலையில். மற்றவர்கள் சென்னையில், திரைக்குள்.

நேற்று கரண்ட் போய், யு.பி.எஸ்ஸும் தீர்ந்து, சர்வர் அணைந்து எழுந்திருக்கிறது. ஒவ்வோர் ஓடைக்கும் அதன் விவரம் எழுதிய ஒரு கான்ஃபிக் ஃபைல். சர்வர் எழும்போது அந்த ஃபைல் பெயரை வைத்து ஒரு ஸ்கிரிப்ட், ஓடையைக் கவனிக்க ஒரு சர்வீஸைக் கிளப்பும். தண்ணீர் ஏறினால் பக்கத்து வீடுகளுக்கு மெசேஜ். எல்லாம் ஓடுகின்றன, மேகமலையில் புதிதாகப் போட்டது தவிர.

மதியம் ஒரு போன். மேகமலைத் தேயிலைத் தோட்ட லைன் வீட்டிலிருந்து, செல்வி என்று பெயர் சொன்னார்.

"மெசேஜ் அனுப்புற பிள்ள நீதானா?"

"மெஷின்தான் அனுப்பும்க்கா."

"மெஷினோ நீயோ. நேத்துத் தண்ணி வாசப்படிக்கு வந்துருச்சு, மெசேஜ் வரல. போன வாரம் டெஸ்டுன்னு ஒண்ணு வந்துச்சுல்ல, அத நம்பிப் படுத்துட்டோம். பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு ஓடுனோம்."

"சரிங்க்கா" என்றேன். அதற்குப் போய் 'சரி'யா?

வாங்க: ஷாம்பு, ரீஃபில். குடை!!

நவம்பர் 4, செவ்வாய்

வெயில். நாளை மறுபடி கனமழை என்கிறார்கள்.

சர்வர் தன் வேலைகளைக் குறித்துவைக்கும் லாக்கில் கிடைத்தது: சர்வீஸ் தேடும் ஃபைலின் பெயர் xe0xaex89megamalai. அப்படி ஒரு ஃபைலே கிடையாது. ஃபோல்டரில் megamalai-க்கு முன்னால் ஒரு வெற்றுக் கட்டம்.

காலை ஆன்லைன் மீட்டிங். சென்னையிலிருந்து சார்: "அது ஏதோ குப்பை கேரக்டர்மா. அந்த ஸ்டேஷனை இந்த வாரம் விட்டுடு, அப்புறமா பாத்துக்கலாம்."

நாளை மழை, சார். மனதில் சொன்னேன். மைக் அணைந்தே இருந்தது.

"தேனி? ஓகேவா? ஹலோ?"

யாரோ, "தேனி எப்பவும் மியூட்தான் சார்." சிரிப்பு.

கட்டைவிரல் படம் போட்டேன். வெட்கம்.

அந்தக் கட்டத்தை நகலெடுத்து என் போனில் ஒட்டிப் பார்த்தேன். கட்டம் இல்லை. உ. அப்படியே பிள்ளையார் சுழி.

பாண்டி அண்ணனுக்குப் போன்.

"ஆமா ஆத்தா, நாந்தேன் போட்டேன். புது எடம், புது ஃபைலு. சுழி போடாம எதத் தொடங்க?"

"ஃபைல் பேர்லயாண்ணே?"

"பின்ன, உன் சர்வருக்கு நெத்தியா இருக்கு, அங்கன போட?"

சிரித்துவிட்டேன். வெறும் அறையில் என் சிரிப்பு எனக்கே புதிதாகக் கேட்டது.

புரிந்தது. சர்வீஸ் பெயரில் தமிழ் எழுத்து அப்படியே நிற்காது. சர்வரில் ஓடும் லினக்ஸ் அதை \xe0\xae\x89 என்று எழுதிக்கொள்கிறது. சாய்கோடுகள் இருந்தால்தான் அதைத் திரும்ப உ ஆக்க முடியும். நம் ஸ்கிரிப்ட் பெயர்களை வாங்கும்போது சாய்கோடுகளைத் தின்றுவிடுகிறது. டெஸ்ட் அன்று அண்ணன் ஸ்கிரிப்ட் வழியாகப் போகாமல் ஃபைலைக் கையால் நேராகக் கொடுத்து ஓட்டியிருக்கிறார். அதனால் மெசேஜ் போனது.

ஸ்கிரிப்ட் சார் எழுதியது. திருத்த அவரிடம் கேட்க வேண்டும். நாளை.

அம்மா கெங்குவார்பட்டியிலிருந்து போனில்: "அப்பிடி என்னதாண்டி வேல? பக்கத்து வீட்ல கேக்குறாக, எனக்குச் சொல்லத் தெரியல." எனக்கும் தெரியவில்லை. கம்ப்யூட்டர் என்றேன்.

நவம்பர் 5, புதன்

விடியும்போதே கறுத்திருந்தது. மலை தெரியவில்லை.

மீட்டிங்கில் மைக்கைத் திறந்தேன். என் மூச்சு எனக்கே கேட்டது.

"சார், அது குப்பை இல்ல. ஸ்கிரிப்ட்ல சாய்கோடு விழுந்துடுது. பேரை வாங்குற வரியில ஒரு ஆப்ஷன் சேர்த்தா போதும்."

"யார் சொன்னது?" என்றார்.

"நான்தான் சார்."

யாரும் சிரிக்கவில்லை. "சரி, மாத்து. மாத்திட்டுச் சொல்லு."

மாற்றினேன். ஃபைல் பெயரிலிருந்தும் சுழியை எடுத்துவிடலாமா என்று அண்ணனிடம் கேட்டேன்.

"எடுக்காத ஆத்தா. கீழ பிள்ளகுட்டி இருக்கு."

"பேர்ல வேணாம்ண்ணே. ஃபைலுக்குள்ள மொத வரியில வைக்கிறேன். மெஷின் அதப் படிக்காது."

"மெஷின் எதுக்குப் படிக்கணும்? படிக்க வேண்டியவரு படிச்சுக்குவாரு. வையி."

முதல் வரி: # உ. சர்வரை வேண்டுமென்றே அணைத்து எழுப்பினேன். மேகமலை தானாக எழுந்தது. திரையில் பச்சை. சாருக்கு எழுதினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம்.

மூன்று மணிக்கு மேல் மலையில் மழை. திரையில் ஓடையின் கோடு ஏறிக்கொண்டே. சிவப்பைத் தொட்டதும் மெசேஜ் போனது. போய்ச் சேர்ந்ததா? எழுந்தார்களா? கோடு அதைச் சொல்லாது. ஜன்னலுக்கும் திரைக்கும் நடந்தேன்.

மெசேஜ் அனுப்பும் சிம்முக்கு ஒரு இன்பாக்ஸ் உண்டு. யாரும் திறப்பதில்லை. திறந்தேன். ஒன்றே ஒன்று, செல்வி அக்கா எண்ணிலிருந்து:

"வந்துச்சு பிள்ள. எல்லாரும் மேட்ல இருக்கோம். நீ சாப்ட்டியா"

சாப்பிட்டேன் அக்கா என்று அனுப்பினேன். பிறகுதான் காலையில் கட்டி வந்த டப்பாவைத் திறந்தேன்.