தலையணை உறைக்குள் வைத்த கடிதம்

பேட்டை,
வெள்ளிக்கிழமை

அருமை மகள் இஷ்ரத்துக்கு வாப்பாவின் ஸலாம். வாப்பா விரலில் ஊசி ஏறிக் கட்டுப் போட்டிருப்பதால், அவங்க சொல்லச் சொல்ல எழுதுவது உன் தம்பி ஆரிப். முதலில் முக்கிய அறிவிப்பு, எழுந்து நின்று வாசிக்கவும்: கழற்றி வைத்த பழைய பெயர்ப்பலகை மேல் நம்ம பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது. தாயும் குட்டிகளும் நலம். பலகையும் நலம். இங்கன எல்லாரும் சுகம், தோஹாவில் உன்னையும் அல்லாஹ் சுகமாக வைக்கட்டும்.

வாப்பா சொல்லுதாங்க: நீ சொன்னபடி கடைக்கு 'மென்துயில்'னு பெயர் மாத்தி ரெண்டு மாசம் ஆச்சு, கழிவுப்பஞ்சு கலக்குறதையும் அன்னைக்கே விட்டாச்சு, சுத்த இலவம்பஞ்சுன்னு ஒவ்வொரு தலையணையிலும் சீட்டு தைக்கோம். தையல்கார கோமு அக்கா மட்டும் போனை எடுத்தா இன்னும் 'மைதீன் மெத்தைக் கடை'ன்னுதான் சொல்லுதா. காலை வெயிலில் பஞ்சு பைய மிதந்து வர, புதுப் பலகையை அண்ணாந்து பார்த்தா வாப்பாவுக்கு யார் கடைக்கோ கனவில் வந்து நிக்க மாதிரி இருக்காம். பாபநாசத்து விடுதிக்காரர் ஒரே வாரத்தில் ஐம்பது தலையணை கேட்டார், முப்பத்தெட்டுதான் கொடுக்க முடிஞ்சுது, மூஞ்சியைத் தூக்கிக்கிட்டுப் போனார், இனி வருவாரோ என்னவோன்னு வாப்பாவுக்குக் கவலை.

இடையில் நான் ஒரு வார்த்தை. லாத்தா, நீ கலங்காதே. வாப்பா மனசு பழைய பக்கம் சாயும்போதெல்லாம் முட்டுக்கொடுத்து நிறுத்துவது நான்தான். பெயரை மாத்திட்டுப் பஞ்சை மாத்தாட்டி, பெயிண்ட் அடிச்சதோட சரின்னு நான் பேசுன பேச்சில் கோமு அக்கா கண்ணே கலங்கிப்போச்சு. தும்மலும் வந்துச்சு.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோட ஏசியில் படுக்காதேன்னு வாப்பா சொல்லுதாங்க. இந்தத் தலையணையில் படுத்துப் பார்த்து, குறை இருந்தா மறைக்காம எழுதணுமாம்.

உனக்காக ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கும்,
வாப்பா முகம்மது மைதீன்

லாத்தா, கையெழுத்துப் போட வாங்கிய வாப்பா முழுசையும் வாசிச்சுட்டு, மிச்சத்தையும் நீயே எழுதுலேன்னு பேனாவைத் திருப்பித் தந்துட்டாங்க. எழுதுதேன். ஐம்பதையும் முடிச்சுக் காட்டணும்னு பன்னிரண்டு தலையணையில் பழைய கழிவுப்பஞ்சைத் திணிச்சுப் புதுச் சீட்டும் தச்சது நான்தான். வாப்பா ஒண்ணுல தலை சாய்ச்சாங்க, கண்ணை மூடுனாங்க, எழுந்து, இது மென்துயில் இல்லலேன்னாங்க. அந்தப் பெயர் அவங்க வாயில் வந்தது அன்னைக்குத்தான் முதல் தடவை. உடனே விடுதிக்காரருக்குப் போன் போட்டுப் பன்னிரண்டு குறையும்னு சொல்லிட்டாங்க. நான் உக்காந்து தையல் பிரிச்சுக்கிட்டிருக்கேன். கழிவுப்பஞ்சு பூனைக்குட்டிகளுக்குப் போயிருக்கு. அதுக நல்லாத் தூங்குது.

ஆரிப்