விரதம் என்று நினைத்தோம்

அன்புள்ள அண்ணா,

நேற்று காலை இவர் கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டு வந்தார். கூடமெல்லாம் பச்சைக் கற்பூர வாசனை. மகளிடம் நீட்டினால், "ஒரு மாதிரி வாசனை வருது, எனக்கு வேண்டாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குப் பதினேழு வயது. எனக்கு உடனே உன் ஞாபகம்தான் வந்தது.

அப்போது உனக்கும் பதினேழுதான். அறுபதுகளின் தொடக்கம். பாலம் தாண்டித் திருச்சிக்கு பி.யூ.சி. படிக்கப் போய்க்கொண்டிருந்தவன், ஐப்பசியில் திடீரென்று வீட்டுச் சாப்பாட்டை நிறுத்தினாய். கோயில் பிரசாதம் மட்டும்தான். சுவரைப் பார்த்தபடி உதடு அசையும். யாரோ கூப்பிட்ட மாதிரி தலையைச் சாய்ப்பாய். வேறு ஊராக இருந்தால் பயந்திருப்பார்கள். கோயிலைச் சுற்றிய நம் உத்தர வீதியில் கொண்டாடினார்கள்! "விரதம் இருக்கான். பெருமாளே இவனோட பேசறார்" என்று அப்பா பூரித்துப்போனார். அக்கம்பக்கத்து மாமிகள் வந்து உன்னைச் சேவித்துவிட்டுப் போனார்கள். கொடுமை, வேறென்ன சொல்ல?

என்னிடம் மட்டும்தான் சொன்னாய். "அடுக்களையில விஷம் கலக்கறாடீ. ஒருத்தன் காதுல சொல்லிண்டே இருக்கான்." எனக்கு எட்டு வயது. அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அபசாரமாப் பேசாதே" என்று ஓர் அறைதான் கிடைத்தது.

தை பிறந்ததும் கோயில் தீர்த்தத்தையும் தட்டிவிட்டாய். அப்போதுதான் அப்பாவுக்கு உறைத்தது. உட்கார்ந்து அழுதார். முதலில் புத்தூர் டாக்டர், பிறகு மெட்ராஸ் மனநோய் ஆஸ்பத்திரி. அங்கேயே காய்ச்சல் கண்டு இறந்துபோனாய்.

இன்று மகளை டாக்டரிடம் அழைத்துப்போனேன். உன்னைப் பற்றியும் சொன்னேன். "இந்த வயசுல மூளை இன்னும் வளர்ந்து முடியலைங்க. வேண்டாத இணைப்பைக் கழிச்சு, வேண்டியதைக் கெட்டிப்படுத்திக்கிற நேரம். சில பேருக்கு அப்பத்தான் இந்த நோய் தலைகாட்டும். குடும்பத்துல இருந்தா கொஞ்சம் கூடுதலா கவனிக்கணும். உங்க பொண்ணுகிட்ட இப்ப ஒண்ணும் தெரியலைங்க" என்றார். வெளியே வந்ததும் அவள், "கற்பூர வாசனை பிடிக்கலைம்மா, அவ்வளவுதான். ஏன் இப்படிப் படுத்தறே?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் சில வருஷம் அவள் அறைக்கதவில் காதை வைத்துக்கொண்டுதான் இருப்பேன்.

ஒன்று மட்டும் என்னை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. அந்த மார்கழியில் நான் சாப்பிட உட்கார்ந்தால் போதும், ஓடி வந்து என் தட்டிலிருந்து முதல் கவளத்தை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாய். "எச்சில் பண்ணாதேடா!" என்று அம்மா கத்துவாள். விழுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாய். பிறகு, "இப்போ சாப்பிடுடீ" என்பாய்.

அந்தச் சோற்றில் விஷம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டேதான் அண்ணா, நீ விழுங்கினாய்.