பாறையில் நீ உட்கார்ந்துவிட்ட நாள்

நேற்று சளி பிடித்துக் கிடந்த எனக்கு என் மனைவி செல்வி வெந்நீரில் யூகலிப்டஸ் தைலம் விட்டு, தலையோடு போர்வையைப் போட்டு மூடினாள். மூச்சை இழுத்தேன். வாசலில் உப்பு லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. போர்வைக்குள்ளோ கொடைக்கானல். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நீ எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாய்.

பல வருஷத்துக்கு முன்னால் தெருக்காரர்கள் சேர்ந்து வேன் பிடித்துப் போன கோடை அது. வந்தவர்கள் எல்லாரும் ஏரியில் படகு ஏற வரிசையில் நின்றார்கள். படகைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று நீ முணுமுணுத்தாய். சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுவதாக உன் மனைவி அமலியிடமும் என் செல்வியிடமும் சொல்லிவிட்டு, நாம் இருவரும் வட்டக்கானல் பக்கம் நடந்தோம்.

வேர்களே படிக்கட்டாகக் கிடந்த பாதை. மரங்கள் விலகிய இடத்தில் பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளை மேகம் நிரம்பிக் கிடந்தது. நீ வாயைப் பிளந்து நின்றாய். “கடலு மாதிரில்லா கெடக்கு” என்றாய்.

கடலைப் பற்றி நீ சொன்னால் மறுபேச்சு கிடையாது. மீசை முளைக்கும் முன்பே சங்கு குளிக்கப் போனவன் நீ. வல்லப் படகில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றுக் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு, அடிக்கடலில் சங்கு பொறுக்கியவன். ஹார்பரில் டிரெய்லர் ஓட்டிய எனக்கு, உன் சிநேகிதன் என்பதாலேயே தெருவில் ஒரு மரியாதை இருந்தது.

அடுத்த முனைக்குப் போகும் வழி ஒற்றையடிப் பாதையாகக் குறுகியது. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் மேகம். பாதி தூரம் போயிருப்போம். காற்று அடித்து மேகம் விலகியது. அப்போதுதான் நம் காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை என்பது தெரிந்தது.

நீ உட்கார்ந்துவிட்டாய். விளையாடுகிறாய் என்று நினைத்துத் திரும்பினேன். உன் உதடு வெளுத்திருந்தது. விரல்கள் பாறையைப் பிறாண்டிக்கொண்டிருந்தன.

“முடியலலே. காலு வரமாட்டேங்கு.”

மலையின் மறுபக்கம் மழை கறுத்துக்கொண்டு வந்தது. ஈரமானால் அந்தப் பாறையில் நிற்கவே முடியாது. உன்னை எழுப்ப முயலாமல் நானும் உன் முன்னால் உட்கார்ந்தேன். என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். இருவரும் உட்கார்ந்தபடியே நகர்ந்தோம். இங்கே ஒரு வேர் இருக்கிறது, இங்கே காலை மடக்கு என்று நான் சொல்லச் சொல்ல, நீ பின்னால் வந்தாய். உன் மூச்சு என் பிடரியில் சுட்டது. ஒருவழியாகக் கைக்குப் புல் தட்டுப்பட்டதும் அப்படியே குப்புறப் படுத்தோம். மழை வேறு பக்கம் ஒதுங்கிப் போய்விட்டது. சிரிப்பு வந்தது நமக்கு. அடக்க முடியாத சிரிப்பு.

தெருவில் யாரிடமும் சொல்லிவிடாதே என்று நீ கேட்பாய் என எதிர்பார்த்தேன். நீயோ வானத்தைப் பார்த்துக்கொண்டு வேறொன்று சொன்னாய்.

“கடல்லயும் இப்பம் இப்படித்தாம்லே இருக்கு எனக்கு.”

ஒருநாள் ஆழத்தில் குழாய் மடங்கிக் காற்று நின்றதையும், எப்படியோ மேலே வந்து சேர்ந்ததையும் அப்புறம் சொன்னாய். அன்றிலிருந்து தினமும் இறங்குவதற்கு முன்னால் யாருக்கும் தெரியாமல் வாந்தி எடுப்பதாகவும் சொன்னாய். அமலிக்குக்கூடத் தெரியாது. வேறு வேலை தெரியாதே என்றாய். “அப்பம் போவாதலே” என்றேன். அவ்வளவுதான்.

நீ எழுந்து, தடுப்புக் கம்பி போட்ட இடம் ஏதாவது இருந்தால் அங்கே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டாய். இருந்தது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கீழே பெரியகுளம் பக்கத்துத் தோப்புகளைக் கண் நிறையப் பார்த்தாய்.

ஊர் திரும்பிய வாரமே அமலியிடம் சொல்லிவிட்டாய். அவள் திட்டவில்லை, அன்று ராத்திரிதான் தானும் நன்றாகத் தூங்கியதாகப் பிறகு செல்வியிடம் சொல்லியிருக்கிறாள். படகு இன்ஜின் பழுது பார்க்கும் கடையில் சேர்ந்தாய். கரைக்கு வந்த பிறகு உன் உடம்பில் சதை பிடித்தது. உன்னோடு சங்கு குளித்த ஒருவர் ஆழத்து அழுத்தம் தாக்கி இன்று கால் விளங்காமல் இருக்கிறார். நீ உன் மகள் கல்யாணத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினாய்.

போன வருஷம் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, “பயமா இருக்கு மக்கா, இங்கனயே இரி” என்றாய். இருந்தேன். அமலி உன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெளுத்த படுக்கையில், நம் எல்லார் நடுவிலும் நீ போனாய். உன்னைக் கடல் கொண்டுபோகவில்லை. அழுதுகொண்டே அதை நினைத்து ஆறுதல்பட்டேன், இப்போதும் படுகிறேன்.

போன மாதம் என் கழுத்தில் ஒரு கட்டி. முன்பென்றால் துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு திரிந்திருப்பேன். இந்தத் தடவை அடுப்படிக்குப் போய்ச் செல்வியிடம் காட்டினேன், பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். டாக்டர் சோதித்துப் பார்த்து, வெறும் கொழுப்புக் கட்டிதான், ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார். வெளியே வந்து ஆளுக்கொரு டீ குடித்தோம். பஸ் ஏறும்வரை அவள் என் கையை விடவே இல்லை.