வயர்லெஸ்ஸில் சிரித்த நூலகர் மீது நடவடிக்கை கோரி

அனுப்புநர்:
சிலுமெசி அகாபெல்வா,
நூலகர்,
லியாங்கு மாவட்ட மருத்துவமனை நூலகம்,
மேற்கு மாகாணம், ஜாம்பியா.

பெறுநர்:
தலைவர் அம்மையார் அவர்கள்,
ஒழுங்கு விசாரணைக் குழு,
லியாங்கு மாவட்ட சுகாதார வாரியம்.

பொருள்: நங்கோலோ சுகாதார நிலையச் செவிலியர் திருமதி சோல்வே ஹமூங்கா அவர்களின் தற்காலிகப் பணிநீக்கத்தை ரத்து செய்யவும், கீழே கையொப்பமிட்டுள்ள நூலகர் மீது நடவடிக்கை எடுக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 4.3.1999 அன்று நடைபெற்ற விசாரணையும், 8.3.1999 நாளிட்ட தங்கள் சுற்றறிக்கையும்.

மதிப்பிற்குரிய தலைவர் அம்மையார் அவர்களுக்கு,

1. இந்த மனுவில் புகார் கொடுப்பவனும் நான்தான், புகாருக்கு ஆளானவனும் நான்தான். இதற்கான படிவத்தைத் தங்கள் அலுவலக எழுத்தரிடம் கேட்டேன். தன் மேலேயே புகார் கொடுக்கப் படிவம் கிடையாது என்று சொல்லிச் சிரித்தார். எனவே வெள்ளைத் தாளில் எழுதுகிறேன். முறை ஏதும் தவறியிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

2. எங்கள் நூலகம் ஒற்றை அறை. இரண்டு அலமாரி, ஒரு மேசை, ஒரு வயர்லெஸ் பெட்டி. வெள்ளக் காலத்தில் சுகாதார நிலையங்களிலிருந்து இங்கே வரப் படகில் இரண்டு நாள் ஆகும் என்பதால், புத்தகம் தேடி அவர்கள் வருவதற்குப் பதில், புத்தகத்தில் உள்ளதை நாம் வயர்லெஸ்ஸில் சொல்லலாம் என்று மூன்றாண்டுகளுக்கு முன் நானே யோசனை சொல்லி ஆரம்பித்தேன். தினமும் காலை ஏழரைக்குப் பதினேழு நிலையங்களின் வருகைப் பதிவும் மருந்துக் கையிருப்பும் முடிந்த பிறகு, பத்து நிமிடம் எனக்கு. யாருக்கு எந்த நோயில் சந்தேகமோ கேட்பார்கள். நான் புத்தகத்தைப் புரட்டிப் படித்துச் சொல்வேன். கேட்டவர் யார், கேள்வி என்ன, எந்தப் புத்தகம், எத்தனையாம் பக்கம் என்று பதிவேட்டில் எழுதுவேன். இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு கேள்விகள் பதிவாகியுள்ளன. இதை எழுதும்போது முன்பெல்லாம் பெருமையாக இருக்கும்.

3. ஒருவர் கேட்பதைப் பதினேழு இடத்திலும் கேட்கலாம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அதனால்தான் எனக்கு வாய்க்கொழுப்பு ஏறியது. பதிலோடு ஒரு கிண்டலையும் சேர்த்துச் சொல்வேன். நிலையத்தார் பொத்தானை அழுத்திக்கொண்டு சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பு என் பெட்டியில் கொரகொரவென்று வரும். அதைக் கேட்பதற்காகவே சில நாள் குளிக்கும்போதே கிண்டலை யோசித்து வைத்திருக்கிறேன். நங்கோலோ செவிலியர் சிஸ்டர் சோல்வே டோங்கா இனம், நான் லோசி இனம். எங்கள் இரண்டு இனத்துக்கும் கேலி முறை உண்டு. எவ்வளவு சீண்டினாலும் கோபப்படக் கூடாது. அவர்கள் மாடு வளர்ப்பவர்கள், நாங்கள் மீன் பிடிப்பவர்கள்; நான் அவர்கள் மாட்டைச் சொல்லிச் சீண்டுவேன். அவர், “சார், பேசும்போது கொஞ்சம் தள்ளி உக்காருங்க, மீன் கவிச்சி வயர்லெஸ் வழியா வருது” என்பார். இப்படி மூன்று வருடம் ஓடியது. அந்த முறையை நான் இங்கே எனக்குச் சாக்காகச் சொல்லவில்லை. அதன் மறைவில் நின்றுகொண்டு நான் செய்ததைச் சொல்கிறேன்.

4. பிப்ரவரி 17, புதன்கிழமை. அன்று நடந்த பேச்சை நினைவில் உள்ளபடியே எழுதுகிறேன், ஏனென்றால் வேறெங்கும் அது எழுதப்படவில்லை.

சிஸ்டர் சோல்வே கேட்டார்: “நூலகத்துக்கு ஒரு கேள்வி. பேதிக்குக் குடுக்கிற உப்பு-சர்க்கரைப் பொட்டலத்துக்கு எவ்வளவு தண்ணி ஊத்தணும்? ஓவர்.”

நம் மாகாணத்தில் பள்ளிக்கூடத்துச் சுவரில் எழுதிப் போட்டிருக்கும் விஷயம் அது. பொட்டலத்துக்கு ஒரு லிட்டர். பன்னிரண்டு வருடம் வேலை பார்த்த செவிலியர் அதைக் கேட்டதும் எனக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. நான் சொன்னேன்: “என்ன சிஸ்டர், இத நம்ம ஊரு ஆட்டுக்குட்டியக் கேட்டாலும் சொல்லுமே. ஒரு லிட்டர். ஓகோ, நீங்க டோங்கா ஆளாச்சே, மாட்டுத் தொட்டிக் கணக்குல சொன்னாத்தான் வெளங்குமோ?”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அவர் மறுபடியும், “அது இல்ல சார், இது புதுசா வந்தது. கையில எடுத்தா எடையே இல்ல. மேல என்னவோ வேற பாஷையில எழுதி...” என்று தொடங்கினார். நான் முடிக்க விடவில்லை. “மேல எழுதினதப் படிக்கத் தெரியலன்னா கூச்சப்படாம சொல்லுங்க. அடுத்த படகுல ஒண்ணாம் வகுப்புப் புத்தகம் அனுப்பி வைக்கிறேன்” என்றேன். இன்னொரு நிலையத்திலிருந்து ஒருவர், “எனக்கும் ஒண்ணு சேத்துக்குங்க சார்” என்றார். மறுபடியும் சிரிப்பு.

சிஸ்டர் பதிலுக்கு மீனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. “சரி. ஒரு லிட்டர். புரிஞ்சுது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இன்று ரோஷம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்போது அவர் மடியில் ஒரு குழந்தை கிடந்தது என்பது எனக்குத் தெரியாது.

அலமாரியை நான் திறக்கவில்லை. பதிவேட்டிலும் எழுதவில்லை. இதெல்லாம் ஒரு கேள்வியா என்று விட்டுவிட்டேன். புத்தகத்தைத் திறக்காமல் நான் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அது உண்மையல்ல.

5. அந்தக் குழந்தையின் பெயர் லிசெலி. வயது பதினான்கு மாதம். தாய் இனோங்கே முந்தைய நாள்தான் படகில் கொண்டுவந்து சேர்த்திருந்தார். வழக்கமான பொட்டலம் தீர்ந்துபோய், எல்லைக்கு அந்தப் பக்கம் அங்கோலாவிலிருந்து வந்த நிவாரணப் பொட்டலம்தான் பிப்ரவரியில் எல்லா நிலையங்களுக்கும் அனுப்பப்பட்டது. அது சிறிய பொட்டலம். அதை ஒரு லிட்டரில் கலந்தால் உப்பு ஐந்தில் ஒரு பங்கே தேறும் வெறும் தண்ணீர். அதைத்தான் இரண்டு நாள், ஒரு வேளை தவறாமல், குழந்தைக்குப் புகட்டினார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜன்னி கண்டு லிசெலி இறந்துவிட்டது. “குடுக்கக் குடுக்கத் தெம்பு வரும்னாங்க. நான் ஒரு சொட்டு கூட கீழ சிந்தாமக் குடுத்தேன்” என்று தாய் விசாரணையில் சொன்னதைத் தாங்களும் கேட்டீர்கள். நானும் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

6. இனி எழுதப்போவதை எழுத எனக்குக் கை கூசுகிறது. மார்ச் 4 அன்று பதிவேட்டுடன் சாட்சியாக அழைக்கப்பட்டேன். “பதினேழாம் தேதி நங்கோலோவிலிருந்து இப்படி ஒரு கேள்வி வந்ததா?” என்று தாங்கள் கேட்டீர்கள். “பதிவேட்டில் இல்லை அம்மையார்” என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. ஆனால் பொய்யும் இல்லை. அப்படி ஒரு வாக்கியத்தை நான் முதல் நாளே யோசித்து வைத்திருந்தேன், கிண்டலை யோசித்து வைத்ததைப் போலவே. சிஸ்டர் சோல்வே என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. “அவர் எழுதலன்னா எழுதல. நான் கேட்டேன், அவ்வளவுதான்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். ஆதாரமில்லாத கூற்று என்று குறித்துக்கொண்டு, பொட்டலத்தில் கண்டதற்கு மாறாகக் கலந்தார் என்று அவரைப் பணியிலிருந்து நீக்கி வைத்தீர்கள். சிரித்த நிலையத்தார் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களை நான் குறை சொல்ல முடியாது. சிரிக்க வைத்தவன் நான்.

7. அன்று மேசை மேல் ஒரு காலிப் பொட்டலம் வைக்கப்பட்டிருந்தது. என் தாயார் அங்கோலாக்காரர். நான்காம் வகுப்பு வரை அங்கேதான் படித்தேன். அங்கே பேசும் போர்ச்சுகீசியம் எனக்குத் தெரியும். அந்தப் பொட்டலத்தில் தண்ணீர் அளவை எண்ணில் போடாமல் அந்த மொழியில் எழுத்தால் போட்டிருந்தார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு மூச்சில் படித்துவிட்டேன். சிஸ்டர் அன்று எழுத்தெழுத்தாகச் சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் நான் சரியான பதில் சொல்லியிருப்பேன். சொல்லத்தான் வந்தார். இந்த மாவட்டத்தில் அதைப் படிக்கத் தெரிந்த நூலகர் ஒருவன் இருந்தும், அவன் வாயால்தான் குழந்தை போயிற்று.

பொட்டலத்தின் மேல் கண்டபடி கலக்க வேண்டும் என்று நான்கு நாள் கழித்துத் தங்கள் சுற்றறிக்கை வந்தது. மேலே கண்டதை நிலையங்களில் ஒருவராலும் படிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். யாராவது கேட்பார்கள், கேட்டால் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். நானாக எடுத்துச் சொன்னால், முன்பே ஒருவர் கேட்டது வெளியே வந்துவிடுமே என்ற பயம். ஆனால் விசாரணைக்குப் பிறகு என் பத்து நிமிடத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை. வரிசையாகப் பதினேழு நிலையமும் “கேள்வி இல்லை” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். இன்று திங்கட்கிழமை காலை சிகூலி நிலையத்து இளம் ஊழியர் முண்டேலே, “கேள்வி இல்ல சார். இருந்தாலும் கேக்கப்போறதில்ல” என்றார். யாரும் சிரிக்கவில்லை. உட்கார்ந்து இந்த மனுவை எழுதத் தொடங்கினேன்.

8. ஆகவே நான் வேண்டுவன: மார்ச் 31 அன்று இறுதி ஆணை பிறப்பிக்கும் முன்பு, சிஸ்டர் சோல்வே அவர்கள் கேள்வி கேட்டார் என்பதையும், அவருக்குத் தவறான பதில் தரப்பட்டது என்பதையும் விசாரணை ஏட்டில் சேர்க்க வேண்டும். அவருடைய பணியையும் செவிலியர் பதிவையும் திருப்பித் தர வேண்டும். புத்தகம் பார்க்காமல் பதில் சொன்னதற்கும், விசாரணையில் மறைத்ததற்கும் என் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். லிசெலியின் தாயாரிடம் யார் பதிலால் குழந்தை இறந்தது என்று வாரியத்தின் வாயால் சொல்ல வேண்டும். நான் போய்ச் சொன்னால் மன்னிப்புக் கேட்க வந்த நல்லவன் என்று ஆகிவிடும், அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை.

9. இந்த மனு நேற்றே முடிந்துவிட்டது. ஆனால் சிரித்தது பதினேழு பேர் காதுக்கும் கேட்டிருக்க, மன்னிப்பு மட்டும் உறைக்குள் போவது சரியில்லை என்று தோன்றியதால், இன்று காலை என் பத்து நிமிடத்தில் மேற்கண்ட எட்டுப் பத்திகளையும் வயர்லெஸ்ஸில் வாசித்தேன். அனுமதி பெறவில்லை; அதையும் குற்றச்சாட்டில் சேர்த்துக்கொள்ளலாம். வாசித்து முடித்ததும் நங்கோலோவிலிருந்து குரல் வந்தது. வெள்ளத்தால் மாற்று ஆள் இன்னும் போய்ச் சேராததால் சிஸ்டர் அங்கேயேதான் இருக்கிறார். பணிநீக்கத்தில் இருக்கும்போது அவர் வயர்லெஸ்ஸில் பேசியதைக் குற்றமாகக் கொள்ள வேண்டாம்.

“படிச்சு முடிச்சாச்சா சார்?”

“முடிச்சிட்டேன் சிஸ்டர்.”

“எல்லாம் சொல்லியிருக்கீங்க. அந்தப் பொட்டலத்துக்கு எவ்வளவு தண்ணின்னு மட்டும் வரலியே. இங்க இன்னும் நாப்பது கெடக்கு. மத்தவங்க கிட்டயும் இருக்கும்.”

தாளைத் திருப்பிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். எட்டுப் பத்தி எழுதியும் என்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். என் வெட்கத்தை வரி வரியாகச் சொன்னவன், அந்த ஒரு அளவைச் சொல்லவில்லை.

இருநூறு மில்லி என்று சொன்னேன். ஒரு தேநீர்க் குவளை. இந்தத் தடவை அலமாரியைத் திறந்து, புத்தகத்தை எடுத்து, பொட்டலத்தில் போட்டிருந்த எடையோடு சரிபார்த்துவிட்டுத்தான் சொன்னேன். நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்தன. பதினேழாவதாகச் சிகூலி. முண்டேலே, “ஒரு பொட்டலம், இருநூறு மில்லி” என்று சொன்னார். பொத்தானை விடவில்லை, அவர் மூச்சு விடுவது கேட்டது. பிறகு, “நாங்க இத்தன நாளா ஒரு லிட்டர்லதான் சார் கலக்கிட்டிருந்தோம். அன்னிக்கு நீங்க அவங்களுக்குச் சொன்னத நாங்களும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தோம்” என்றார்.

அம்மையார் அவர்களே, சிகூலியில் எத்தனை குழந்தைகளுக்கு அப்படிக் கொடுக்கப்பட்டது, அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேள்விக்குப் பதில் சொல்வதுதான் என் வேலை. கேட்பதற்கு எனக்குத் துணிவு வரவில்லை. வாரியத்தின் படகில் இன்றே ஆள் அனுப்பி, சிகூலியில் தொடங்கிப் பதினேழு நிலையங்களிலும் தாங்கள் கேட்க வேண்டும் என்று தலைகுனிந்து வேண்டுகிறேன். எண்ணிக்கை எதுவானாலும் அதை என் பெயருக்கு நேரே எழுதிக்கொள்ளவும்.

இடம்: லியாங்கு
நாள்: 23.3.1999

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
சிலுமெசி அகாபெல்வா
நூலகர்